வாசேப்பூரை எப்படிப் பார்ப்பது?

‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது, யார் யாருக்கு மகன், எந்தக் குரேஷி எந்தக் கானைச் சுட்டான் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. அனுராக் காஷ்யப் 2012இல் இரண்டு பாகமாக எடுத்த படம். மொத்தம் ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல். உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஷாஹித் கான், மகன் சர்தார், பேரன் பைசல். எதிர்ப்பக்கம் ஒரே பெயர் போதும்: ராமாதீர் சிங்.

இங்கே தலைமுறை மூன்று, எதிரி ஒருவர்தான். தன்பாத் பக்கம் நிலக்கரி போய்ப் பழைய இரும்பு வருகிறது, காலம் மாறுகிறது, ராமாதீர் மட்டும் நரைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். அது எப்படி முடிந்தது என்று அவரே ஒரு காட்சியில் சொல்கிறார்: தான் சினிமா பார்ப்பதில்லையாம். மற்றவர்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு படம் ஓட்டி, அதில் ஹீரோவாக நடித்துக்கொண்டிருக்கிறார்களாம். படத்தின் சாவி இதுதான். (இதைச் சொல்லும் திக்மான்ஷு தூலியா நிஜத்தில் ஒரு சினிமா இயக்குநர். குறும்பைப் பாருங்கள்!)

இந்தச் சாவியோடு பைசலைக் கவனியுங்கள். கஞ்சா மயக்கத்தில் தன்னை அமிதாப் என்று நினைத்துக்கொண்டு திரிபவன். காதலியின் கையைத் தொடுகிறான். அனுமதி கேட்டிருக்க வேண்டாமா என்கிறாள் அவள். அவ்வளவுதான், கண் கலங்கிவிடுகிறது. பின்னால் ஊரையே நடுங்கவைக்கப்போகிற ஆள்! நவாசுதீன் சித்திக்கி அந்த அழுகையைச் சிரிப்புக்காக நடிக்கவில்லை. அதனால்தான் சிரிப்பு வருகிறது. அப்பா சர்தாரோ பழிதீர்க்கும்வரை முடி வளர்ப்பதில்லை என்று மொட்டைத் தலையோடு சபதம் எடுத்தவர். பழியை விட்டுவிட்டுப் பெண்கள் பின்னால் அலைந்ததுதான் அதிகம். மனோஜ் பாஜ்பாய் அந்தச் சபலத்தையும் கம்பீரத்தையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார்.

ஆக்‌ஷனை எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இதில் கொலைகள் ஒழுங்காக நடப்பதே அபூர்வம். துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது, சுடவந்தவனே ஓட வேண்டியிருக்கிறது. மற்ற படங்களில் வெட்டி எறியும் அந்தத் தடுமாற்றத்தைத்தான் காஷ்யப் நிதானமாகக் காட்டுகிறார்.

சர்தாரின் மனைவி நக்மாவாக ரிச்சா சட்டா. திரையில் மகனான நவாசுதீனைவிட நிஜத்தில் 12 வயது இளையவர். பார்க்கும்போது அது நினைவுக்கே வராது. இன்னொரு மனைவி துர்கா, நம் ‘மின்னலே’ ரீமா சென்.

பாடல்களை ஓட்டிவிடாதீர்கள். இசையமைப்பாளர் சினேகா கான்வல்கர் பிகாருக்கும் டிரினிடாடுக்கும் போய்க் குரல் தேடினார். போஜ்புரி பேசிய கூலித் தொழிலாளர்கள் கப்பலேறிப்போன தீவு அது. ‘ஹண்டர்’ பாட்டில் அந்தத் தீவின் சட்னி இசை அப்படியே துள்ளுகிறது.

தொடக்கத்தில் நன்றி அட்டையையும் தவறவிடாதீர்கள். தன் வேர்களுக்குத் திரும்பத் தூண்டியவர்கள் என்று பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் காஷ்யப் அதில் நன்றி சொல்லியிருக்கிறார்.

வசனத்தில் பாதி வசவு. ‘ஏ’ சான்றிதழ் படம். பிள்ளைகள் தூங்கியபின், இரண்டு இரவுகளாகப் பிரித்து, இந்தியிலேயே பாருங்கள்.