துரை பங்களாவும் லயமும்: மலையகக் கட்டடங்களின் புதிய பயன்பாடு குறித்து

கம்பளையிலிருந்து இறம்பொடை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ஓர் ஒழுங்கு மீண்டும் மீண்டும் கண்ணிற்படும்: மேட்டிலே துரை பங்களா, சரிவிலே லயங்கள். இது தற்செயலானதன்று. பங்களா விறாந்தையிலிருந்து லயத்தைக் கண்காணிக்கலாம். லயத்திலிருந்து பங்களாவை அண்ணாந்தே பார்க்கலாம்.

இப்பங்களாக்கள் பல இன்று உல்லாச விடுதிகள். இதனைப் 'பாரம்பரியப் பாதுகாப்பு' எனப் போற்றுவோருளர். ஆயின், மாறியது எது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸின் நுவரெலியா இல்லம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிராண்ட் ஹோட்டலாயிற்று. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டப் பங்களாக்கள் 2005இலிருந்து விடுதிகளாயின. பங்களாவின் அமைப்பை நோக்குக: முன்னே புல்வெளி, விறாந்தை, கணப்படுப்புள்ள கூடம், பின்னே சமையற்கட்டு, வேலையாட்களின் அறைகள், அவர்களுக்கென ஒரு பின்வாசல். ஒருவர் அமர்ந்திருக்க மற்றொருவர் பணி செய்வதற்காகவே வகுக்கப்பட்ட அமைப்பு இது. விடுதிக்கு வேண்டியதும் அதுவே. எனவேதான் மாற்றம் இத்துணை எளிதாயிற்று. துரையின் இடத்தில் விருந்தினர் வந்தார். அப்புவின் இடத்தில் அப்புவே இருக்கிறார்.

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள அடிசம் மாளிகை இதற்கு மாறானது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய இக்கருங்கல் மனை, கெண்டிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலை நாடியது. (ஊவா மலைக்கு அச்சாயல் எதற்கென்பது வேறு வினா.) 1960களின் தொடக்கத்தில் அது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாயிற்று. வழிபாட்டோடு உழைப்பையும் விதியாகக் கொண்ட சபை அது. மடத்தில் ஆக்கப்படும் ஜாமும் பழரசமும் வருவோருக்கு விற்கப்படுகின்றன. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையே இருந்த எசமான்–ஏவலர் உறவு இங்கே பொருளிழந்தது. சுவர் மாறாதிருக்க வீடு மாறியது என இதனையே கூறலாம்.

லயத்தின் கதை என்ன? ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம், முதுகோடு முதுகாக மற்றொன்று. அதன் கட்டடக்கலையை ஆராயத்தக்கதென நம் அறிஞருட் பலர் கருதியதில்லை. இவ்விதழும் இக்குறைக்கு விலக்கன்று. கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீகொக் தோட்டத்து லயமொன்று 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. இறம்பொடைப் பாதையில் விடுதி தேடிச் செல்வோர் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்போம். ஆயினும் லயத்தை அருங்காட்சியகமாக்க, அதில் வாழ்வோருக்கு முதலில் வேறு வீடு வேண்டும். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் 2015இல் ஏற்கப்பட்டது. பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.