ரோட்டரியா, பிஸ்டனா: டர்போவைத் தாங்குவது எது?

டர்போவுக்கு ஏற்ற இன்ஜின் எது என்று கேட்டால், ரோட்டரி ரசிகர்கள் யோசிக்காமல் தங்கள் கட்சியைச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், ரோட்டரி இன்ஜின் பெற்ற மிகப் பெரிய வெற்றி டர்போ இல்லாமல் கிடைத்தது. அன்று அதனிடம் தோற்றவற்றில் இரட்டை டர்போ வைத்த பிஸ்டன் கார்களும் இருந்தன. 1991 ஜூன் 22, 23 தேதிகளில் பிரான்சின் லெ மான்ஸில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தைத்தான் சொல்கிறேன்.

மெர்சிடிஸ் சி11 காரில் 5 லிட்டர் வி8 இன்ஜின், இரட்டை டர்போ. ஜாகுவாரில் டர்போ இல்லாத 7.4 லிட்டர் வி12. இவற்றுக்கு எதிரே ஜப்பானின் மாஸ்டா 787பி கொண்டுவந்தது நான்கு ரோட்டர், 2.6 லிட்டர் இன்ஜின், 9,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 700 குதிரைத்திறன். பந்தயத்தின் பெரும்பகுதி மெர்சிடிஸ் கையில்தான் இருந்தது. ஞாயிறு மதியம், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் இன்ஜின் சூடேறி பிட்டுக்குள் வந்தது, மீளவில்லை. 55-ம் எண் மாஸ்டா முன்னே போனது. 362 சுற்றுகள், 4,900 கிலோமீட்டருக்கு மேல். கடைசிக் கட்டத்தை ஓட்டி முடித்த ஜானி ஹெர்பர்ட் நீரிழப்பால் துவண்டுபோனதால், வெற்றி மேடையில் அவரால் நிற்க முடியவில்லை.

இது அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. களமிறங்கிய மூன்று மாஸ்டாக்களும் ஓடி முடித்தன: 1, 6, 8-ம் இடங்கள். மூன்று மெர்சிடிஸ்களில் ஒன்றுதான் கொடி பார்த்தது, ஐந்தாவதாக. அதே சமயம் மாஸ்டாவுக்குக் கிடைத்த எடைச் சலுகையையும் சொல்லியாக வேண்டும். மெர்சிடிஸும் ஜாகுவாரும் குறைந்தபட்சம் 1,000 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. மாஸ்டா 830 கிலோவில் ஓட அனுமதி வாங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் பிரேக்குக்கும் டயருக்கும் பெட்ரோலுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பெட்ரோல்தான் இதில் முக்கியம். அந்தப் பிரிவில் ஒரு காருக்கு 24 மணி நேரத்துக்கும் சேர்த்து 2,550 லிட்டர்தான். மாஸ்டா ஏன் டர்போவைத் தொடவில்லை என்பதற்கு என் கணக்கில் விடை இங்கேதான் இருக்கிறது. ரோட்டரியின் எரியறை நீண்டு, மெலிந்து இருக்கும். அதனால் தீ முழுதாகப் பரவுவதற்குள் வெப்பம் சுவர் வழியே போய்விடும், கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியேறும். இதைச் சரிக்கட்டத்தான் ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக் வைத்தார்கள். வேகத்துக்கு ஏற்ப நீளம் மாறும் காற்றுக் குழாய்களைப் பொருத்தினார்கள். டர்போ வைத்திருந்தால் எரியறையைக் குளிர்விக்கவே கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்திருக்கும்.

அப்படியானால் ரோட்டரியும் டர்போவும் நல்ல ஜோடி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? எக்ஸாஸ்ட்டிலிருந்து. பிஸ்டன் இன்ஜினில் வால்வு மெல்லத் திறந்து மெல்ல மூடும். ரோட்டரியில் வால்வே கிடையாது. முக்கோண ரோட்டரின் முனை வெளியேற்றத் துவாரத்தைக் கடந்த மறுகணம், இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் வாயு ஒரே அடியாக வெளியே பாய்கிறது. டர்பைனைச் சுழற்ற இதைவிட நல்ல தீனி இல்லை. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டனில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும்; ரோட்டரியில் ஒரு ரோட்டருக்கு ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. இரண்டு ரோட்டர் கொண்ட 1,308 சி.சி. ரோட்டரியை 2.6 லிட்டர் பிஸ்டன் இன்ஜினோடு வைத்துப் பேசுவது இதனால்தான். ஷாஃப்ட் 9,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ரோட்டர் 3,000-ல்தான் சுற்றுகிறது. மேலும் கீழும் அடித்து நின்று திரும்பும் உறுப்பு எதுவுமே உள்ளே இல்லை.

டர்போ வைத்த ரோட்டரிக்குச் சரியான எதிரி அதே ஜப்பானில் இருந்தது. நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26: ஆறு சிலிண்டர், 2,568 சி.சி., இரட்டை டர்போ. மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ன் 13பி: இரண்டு ரோட்டர், 1,308 சி.சி., கீழ் வேகத்தில் ஒரு டர்போவும் மேலே போகப் போக இரண்டும் சேர்ந்தும் ஊதும் அமைப்பு. 1991-ல் 255-ல் தொடங்கிய 13பி, 1999-ல் 280 குதிரைத்திறனைத் தொட்டது. ஸ்கைலைனுக்கு அறிவித்த கணக்கும் அதே 280. டார்க்கில் ஆர்பி26 முந்தும். எடையில் ஆர்எக்ஸ்-7 முந்தும். சிறிய இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் வளைவில் அந்தக் கார் திரும்பும் லாவகத்துக்கு அன்றைய ஸ்கைலைனிடம் பதில் இல்லை. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்தை 1992, 93, 94 என மூன்று ஆண்டும் ஆர்எக்ஸ்-7 வென்றது. தொழிற்சாலை கொடுத்த பூஸ்ட்டில், அதாவது டர்போ அழுத்தத்தில், ஓடும் வரை அது நம்பகமான இன்ஜின் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பூஸ்ட்டைக் கூட்டத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற பட்டை உண்டு. 13பி-யில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர், நீளம் சுமார் 80. மொத்தக் கம்ப்ரஷனையும் அடைத்து நிற்பது இந்தப் பட்டைதான். பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலோ உள்ளே போகும் காற்று சூடேறினாலோ, கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் நாக்கிங் வரும். பிஸ்டன் இன்ஜின் அந்த அடியைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளும். எச்சரிக்கை கேட்டு ஓட்டுநர் காலை எடுக்க அவகாசம் கிடைக்கும். அபெக்ஸ் சீல் அப்படியில்லை, முறிந்துவிடும். ஒரு சீல் போனால் அதன் இரு பக்கத்து அறைகளிலும் கம்ப்ரஷன் போய்விடும். உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியே பறந்து டர்பைன் இறக்கைகளையும் சிதைக்கும். வெப்பமும் சீராகப் பரவாது: பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் வெந்துகொண்டிருக்கும், காற்று நுழையும் பக்கம் எப்போதும் குளிர்ந்திருக்கும்.

ஆர்பி26-ஐப் பாருங்கள். வார்ப்பிரும்பு பிளாக், கனம், ஆனால் தாங்கும். பந்தயக் களத்தில் 500 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றினார்கள். 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 பந்தயங்களிலும் ஸ்கைலைனே வென்றது. நான்கு சக்கர இயக்கத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும், பந்தயத்துக்குப் பந்தயம் அந்த பூஸ்ட்டில் முறியாமல் நின்றது இன்ஜின்தான்.

என் தீர்ப்பு இது. எடைக்கு எடை, அளவுக்கு அளவு பார்த்தால் ரோட்டரிதான் மேல். பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்றால் பிஸ்டன்தான் மேல். ரோட்டரி வைத்திருப்பவர்கள் டர்போவைப் பெரிதாக்கும் முன் இன்டர்கூலர், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் நான்கையும் பெரிதாக்குங்கள். அதற்குப் பணம் போதாது என்றால் தொழிற்சாலை கொடுத்த பூஸ்ட்டிலேயே ஓட்டுங்கள்.