காணிக்கை முதலீடாகும்போது

கோவைக்கு மேற்கே, சிறுவாணி செல்லும் வழியில், காருண்யா நகர் என்று ஓர் ஊரே எழுந்திருக்கிறது. சுரண்டையில் பிறந்து வங்கி ஊழியராக இருந்த டி.ஜி.எஸ். தினகரன் 1986-இல் அங்கே தொடங்கிய பொறியியல் கல்லூரி 2004-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அவருடைய 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்துக்குப் பணம் அனுப்புவோர் பங்காளர்கள் எனப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு இளம் பங்காளர் திட்டம், குடும்பத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. சேர்ந்தவர்களுக்காக ஜெபம் செய்யப்படும். தினகரனின் பிரசங்கத்தில் மேலோங்கி நின்றது கண்ணீரும் ஆறுதலும்தான். அவரைச் செழிப்பு உபதேசகர் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது. ஆனாலும் காணிக்கைக்கும் ஆசீர்வாதத்துக்கும் இடையே ஒரு திட்டம் வந்து அமர்ந்துவிட்டது. இன்று கொங்குப் பகுதியின் வாடகைக் கூடங்களில் நடக்கும் பல சுயாதீன சபைகளில் அது இன்னும் வெளிப்படையாகக் கேட்கிறது: விதைக் காணிக்கை போடுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்.

இந்தப் போதனையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டுப் போதகர்களான கென்யனும் கென்னத் ஹேகினும் வகுத்த 'விசுவாச வார்த்தை'யும், ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய 'விதை விசுவாச'மும் தொலைக்காட்சி வழியே உலகெங்கும் போயின. ஆனால் இறக்குமதிச் சரக்கு என்பதால் மட்டும் ஒன்று இவ்வளவு ஆழமாக வேர்விடாது. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவரிடம், உன் வறுமை தலைவிதி அல்ல, நீ நன்றாக வாழ்வது கடவுளுக்கு மகிழ்ச்சி என்று யாரோ முதன்முறையாகச் சொல்கிறார்கள். டாஸ்மாக் பக்கம் போகாதே, சம்பளத்தை வீட்டில் கொடு, கணக்கு எழுது என்றும் சொல்கிறார்கள். உறவே இல்லாத ஊரில் அந்தச் சபைதான் வேலை தேடித் தருகிறது, பிரசவத்துக்கு ஆள் அனுப்புகிறது. பள்ளிகளும் நிலங்களும் கைவசம் வைத்திருக்கும் பழைய சபைகள் எளிமையைப் புகழ்ந்து பேசுவதைவிட இது அவருக்கு நேர்மையாகத் தெரிந்தால் அதில் வியப்பில்லை. இந்த நன்மைகளை மறுப்பவர் அந்தக் கூடங்களுக்குள் போய்ப் பார்க்காதவர்.

கோளாறு இருப்பது வாக்குறுதியின் வடிவத்தில். நூறு மடங்கு என்ற சொல் மாற்கு பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. பணக்கார மனிதன் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப் போன பிறகு, எல்லாவற்றையும் விட்டுவந்த சீடர்களிடம் இயேசு பேசியது அது. அந்த வரிசையில் துன்பங்களும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. பிரசங்கத்தில் அந்தப் பகுதி காணாமல் போகிறது. தசமபாகத்துக்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படும் மல்கியா மூன்றாம் அதிகாரத்துக்கும் இதே கதி. சில வசனங்களுக்கு முன்புதான் கூலிக்காரனின் கூலியைப் பறிப்பவர்களையும் விதவையை ஒடுக்குபவர்களையும் கடவுள் கடிந்துகொள்கிறார். உபாகமத்தின்படி மூன்றாம் ஆண்டுத் தசமபாகம் லேவியனோடு அந்நியனும் அநாதையும் விதவையும் வயிறார உண்பதற்கானது. வாங்க வேண்டியவர்களின் பட்டியலில் இருந்த விதவையிடமே இன்று கவர் நீட்டப்படுகிறது.

பணம் இரட்டிப்பாகும் என்ற பேச்சை நம்பி இந்த வட்டாரம் பட்ட அடி கொஞ்சமல்ல. திருப்பூர் பாசி நிதி நிறுவனத்தில் போனது ஏறத்தாழ 930 கோடி ரூபாய். 2022-இல்தான் அதன் இயக்குநர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளின் சரிவு 2012-இல். அங்கே ஏமாந்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடிந்தது. விதைக் காணிக்கை பலிக்காதவருக்கு அந்த வழியும் இல்லை. உன் விசுவாசம் போதாது, வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது என்ற பதில்தான் கிடைக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்ததால் ஆர்டர் நின்ற ஒரு ஜாப் ஒர்க் யூனிட் முதலாளி தன் ஜெபத்தில் குற்றம் தேடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! கடனோடு குற்றவுணர்வும் சேர்ந்தால் குடும்பம் எப்படித் தாங்கும்?

சாட்சி நேரத்தைக் கவனித்தால் இதன் இயக்கம் புரியும். கடன் தீர்ந்தவர், கார் வாங்கியவர், விசா கிடைத்தவர் மேடையேறுகிறார்கள். தறியை விற்றவர் பின்வரிசைக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுகிறார். மிஞ்சுவது வென்றவர்களின் பேச்சு மட்டும். அதுவே போதனைக்கு ஆதாரமும் ஆகிவிடுகிறது. தினகரனின் வாழ்க்கையே இந்தச் சூத்திரத்துக்குள் அடங்கவில்லை. காருண்யா தொடங்கிய அதே 1986-இல் அவர் தம் மகள் ஏஞ்சலைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அந்த இழப்பை எந்த விசுவாசக் குறைவின் கணக்கிலும் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

கொடுப்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் வேறொரு மரபு உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோன பெண்கள் எந்த மடங்கையும் எதிர்பார்க்கவில்லை. திருநெல்வேலிச் சபைகள் இத்தகைய சிறு காணிக்கைகளால் வளர்ந்தவை. அவற்றின் துணையோடுதான் வி.எஸ். அசரியா போன்றவர்கள் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் போதகர்களிடம் கேட்பது மூன்றே காரியங்கள். கடனில் இருப்பவரிடம் விதைக் காணிக்கை வாங்காதீர்கள். வரவு செலவைச் சபையார் முன் ஆண்டுதோறும் படியுங்கள். வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில், தொழில் நொடித்த பிறகும் ஜெபிப்பதை விடாத ஒருவரைப் பேசக் கூப்பிடுங்கள்.