மதிலும் காடும்: ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ இயங்குபடமும் பார்வையாளர் மெய்ப்பாடும் – ரங்கத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அயர்லாந்தின் கில்கென்னி நகரில் இயங்கும் கார்ட்டூன் சலூன் நிறுவனம் உருவாக்கி, டாம் மூர், ராஸ் ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் இயக்கிய ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ என்னும் இயங்குபடம் 2020 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழிச் சேவையில் அது வெளியாயிற்று. அதற்கு நான்கு திங்கள் முன்னர், 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அவ்வடம் சென்று சேரும் இடங்களுள் நடு அந்தமானைச் சேர்ந்த ரங்கத்தும் ஒன்று. ஐரிய இடைக்காலக் கதையொன்று ரங்கத்தின் வீடுகளுக்குள் வருவதற்கான வழி இவ்வாறு திறந்தது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தமிழுக்கு உரியது. இத்தகைய நிலத்தில் வாழும் தமிழ்ப் பார்வையாளர் இப்படத்தை எங்கு நின்று காண்பார் என்பதே இங்கு ஆராயப்படுவது.

படத்தின் கதை 1650 இல் நிகழ்கிறது. இங்கிலாந்திலிருந்து கில்கென்னிக்கு வந்து குடியேறிய வேடன் பில். அவன் மகள் ராபின். மதில் சூழ்ந்த நகரின் புறத்தே உள்ள காட்டை அழித்து வயலாக்க வேண்டும். அதற்கு முன் அங்குள்ள ஓநாய்களைக் கொன்றொழிக்க வேண்டும். இது நகரை ஆளும் ‘காவற்பெருமகன்’ இட்ட ஆணை. காட்டினுள் ராபின் சந்திக்கும் மேவ் என்னும் சிறுமி, உறங்கும்போது உடலை விட்டு ஓநாயாக வெளிப்படும் இயல்பினள். அவளுடைய தாயின் உடல் குகையில் உறங்கிக் கிடக்க, ஓநாய் வடிவம் நகரில் கூண்டில் அடைபட்டிருக்கிறது. மேவின் பல் பட்டதால் ராபினும் அவ்வியல்பைப் பெறுகிறாள். வேட்டையாட வந்தவள் வேட்டையாடப்படுபவள் ஆகிறாள்.

மேலைநாட்டு விமரிசகர்கள் இப்படத்தை ஏறத்தாழ ஒருமித்துப் பாராட்டினர். 2021 ஆம் ஆண்டு ஆஸ்கார் விருதுக்கும் இது பரிந்துரைக்கப்பட்டது. பாராட்டின் பெரும்பகுதி கோட்டோவியத்தைப் பற்றியது. நகரம் மரக்கட்டை அச்சுப்படம்போல் நேர்கோடுகளாலும், காடு கரிக்கோலின் அழிபடாத கீற்றுகளாலும் தீட்டப்பட்டிருப்பது பலராலும் சுட்டப்பட்டது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’ (1997) படத்துடன் ஒப்பிட்டோரும் மிகப் பலர். இவ்வொப்பீடு பிழையன்று, ஆயினும் காட்டைப் பற்றிய படம் என்றவுடன் அப்பெயரைச் சொல்லிவிட்டு அமைவது திறனாய்வின் சோம்பலைக் காட்டுகிறது. வரலாற்று நோக்கில் எழத்தக்க தடைகளும் உள. படத்தின் காவற்பெருமகன் பெயர் சுட்டப்படாவிடினும் ஆலிவர் கிராம்வெல்லின் சாயல் என்பது வெளிப்படை. 1650 மார்ச்சில் கில்கென்னி கிராம்வெல்லிடம் பணிந்தது உண்மை. ஆனால் அப்பட்டத்தை அவர் ஏற்றது 1653 இன் இறுதியில். இறந்தது 1658 இல் இலண்டனில். படத்திலோ அப்பெருமகன் காட்டிலேயே வீழ்ந்து மடிகிறான். நாட்டார் கதையில் கொடுங்கோலனுக்குரிய முடிவைக் கதையே வழங்குவது வழக்கம்; இது குறித்து நீள வாதிடத் தேவையில்லை.

ஆழ்ந்து நோக்கவேண்டியது அச்சத்தின் திசைமாற்றம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைக் கூறும். தெய்வத்தன்மையுடைய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், ஆளும் இறை என்பன அவை. படத்தின் தொடக்கத்தில் பார்வையாளர் அஞ்சுவது விலங்கை. சற்றுக் கழித்து, அவ்விலங்கு பெண்ணாகவும் இருப்பது தெரியவரும்போது அச்சம் அணங்கின்பாற் செல்கிறது. இறுதியில் அது முழுமையாக இறையின்மேல் வந்து நிற்கிறது, விலங்கோ அன்புக்குரியதாகிவிடுகிறது. இம்மாற்றத்தை நிகழ்த்துவது மற்றொரு மெய்ப்பாடாகிய மருட்கை. மருட்கையின் களன்களுள் ஒன்றாகிய ‘ஆக்கம்’ என்பதற்கு, ஒரு பொருள் மற்றொன்றாகப் பரிணமிக்கக் கண்டு வியத்தல் எனப் பேராசிரியர் பொருள் கொள்வார். ராபினின் உடலிலிருந்து ஓநாய் எழும் காட்சிக்கு இவ்வுரையைவிடப் பொருத்தமான விளக்கம் வேறில்லை. அக்காட்சிக்குப் பின்னர் திரையே ஓநாயின் கண்ணாகிறது. மணமும் ஒலியும் கோடுகளாகத் தோன்றுகின்றன. அதுவரை மதிலுக்குள்ளிருந்து காட்டை நோக்கிய பார்வையாளர் காட்டிலிருந்து மதிலை நோக்குகிறார். படத்தின் கலை வெற்றி இவ்விடத்தில்தான் உள்ளது.

இக்கதையின் மூலம் கில்கென்னியை உள்ளடக்கிய பழைய ஆசரி நாட்டைச் சார்ந்தது. 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்னும் சமயகுரு இலத்தீனில் எழுதிய அயர்லாந்து நிலவியல் நூலில் இது இடம்பெறுகிறது. அல்ஸ்டரிலிருந்து மீத் நோக்கிச் செல்லும் பாதிரியாரிடம் ஓநாய் ஒன்று மனிதக் குரலில் பேசுகிறது. துறவி ஒருவரின் சாபத்தால் ஆசரி மக்களுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏழாண்டுகள் ஓநாயாகத் திரியவேண்டும் என்றும், தன் துணை இறக்கும் நிலையில் இருப்பதால் இறுதிச் சடங்கு செய்தருள வேண்டும் என்றும் அது வேண்டுகிறது. தோலை விலக்கினால் உள்ளே இருப்பவள் ஒரு மூதாட்டி. நெஞ்சை உருக்கும் கதைதான். எனினும் ஜெரால்ட் ஆங்கில அரசகுலத்தோடு அயர்லாந்துக்கு வந்தவர். ஐரியரை நாகரிகமற்றவராகச் சித்திரித்தவர். வென்றோர் தரப்பு எழுத்தில் ‘இம்மக்கள் பாதி விலங்குகள்’ என்னும் குறிப்பு இக்கதைக்கு ஏறிவிடுகிறது. இதே நம்பிக்கையைக் கூறும் மற்றோர் இலத்தீன் செய்யுளில் சாபம் இல்லை. ஓநாயாகச் செல்வோர் தம் உடலை விட்டுச் செல்வர். அவ்வுடலை எவரும் அசைத்தல் கூடாது. ஓநாய்க்கு நேரும் காயம் உடலிலும் தோன்றும். படம் தழுவியிருப்பது இவ்வடிவத்தையே. வென்றவர் எழுதிவைத்த இழிவைக் கில்கென்னியின் ஓவியர்கள் எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பெருமிதமாக மாற்றிக்கொண்டுள்ளனர். ஐரியப் பார்வையாளரின் உவகைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

தமிழ்ப் பார்வையாளருக்கோ வேறு நினைவு எழும். உடலை ஓரிடத்தே கிடத்திவிட்டு உயிர் மற்றோர் உடலிற் புகுதல் ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ எனச் சிறாரும் அறிந்தது. ஜெரால்டு எழுதிய அதே நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்னும் ஆயனின் உடலுள் சிவயோகியார் புகுந்து, அழுது நின்ற பசுக்களின் துயரைத் தீர்க்கிறார். மீண்டு வந்து நோக்கினால் தம் உடலைக் காணவில்லை. குகையில் கிடக்கும் மேவின் தாயுடலைக் கண்டு அயல்நாட்டுப் பார்வையாளர் ‘இது என்ன விதி’ என மயங்கும் இடத்தில், தமிழர்க்கு மயக்கமே இராது. உடலுக்குத் தீங்கு நேருமோ என்னும் பதைப்பு உடனே பிறக்கும். ஆனால் சேக்கிழாரிடத்து விலங்கின் துயர் கண்ட அருள் மாற்றத்துக்குக் காரணமாகிறது. ஆசரிக் கதையில் மனிதனே விலங்காகிறான். பசுவுக்காக மனிதவுடல் புகுவதற்கும் ஓநாயாகவே ஆகிவிடுவதற்கும் இடையில் உள்ள தொலைவு சிறிதன்று. கதைப்பழக்கம் தரும் எளிமையால் தமிழ்ப் பார்வையாளர் அத்தொலைவைக் கவனியாது கடந்துவிடக்கூடும்.

ரங்கத்தில் இவ்வெளிமை வாய்க்காது. புலியோ ஓநாயோ இல்லாத தீவு அது. அங்கு விலங்கச்சம் என்பது கழிமுக முதலையோடு நின்றுவிடும். காட்டச்சமோ வேறு வகையானது. 1949 முதல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளும் பின்னர்ப் பிற மாநிலத்தாரும் குடியேறக் காடு திருத்தப்பட்ட பகுதிகளுள் நடு அந்தமானும் ஒன்று. ரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்கள் கருதற்பாலன: தசரத்பூர், ஜனக்பூர், மிதிலா, ஊர்மிளாபூர், சபரி, பஞ்சவடி, பர்ணசாலா. தமக்குக் கதை இல்லாத நிலத்தில் கால்வைத்தோருக்கு இராமகாதை ஊர்ப்பெயர்களாக உதவியது. இடைக்கால ஐரிய இலக்கியத்தில் இடங்களின் பெயர்க்காரணம் கூறுவதற்கென்றே தனியொரு வகை உண்டு. நம் தலபுராணத்தோடு அது ஒப்புநோக்கத்தக்கது. ஆசரியின் ஓநாய்க்கதை அந்நிலத்திலேயே முளைத்தது. ரங்கத்தின் பஞ்சவடி கடல் கடந்து கொணரப்பட்டது. அதற்கு முன்னர் அவ்விடத்துக்கு வேறு மொழியில் வேறு பெயர் இருந்திருக்கும்.

ஆகவே ரங்கத்தில் இப்படத்தைக் காணும் தமிழர் ராபினின் நிலையில் இருக்கிறார்: குடியேறியவரின் பிள்ளை. தெற்கே கதம்தலாவை ஒட்டி ஜாரவாப் பழங்குடியினரின் காப்பகம் தொடங்குகிறது. 1996 இல் அவ்வூரருகே கால் முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவன் போர்ட் பிளேர் மருத்துவமனையில் நலம்பெற்றுத் திரும்பியதும், அதன்பின் அம்மக்கள் தாமே குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கியதும் பதிவான செய்திகள். காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் அப்பகுதியை மூடுமாறு 2002 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012 இல் ஜாரவாப் பெண்கள் சுற்றுலாப் பயணியருக்காக ஆடவைக்கப்பட்ட காணொளி வெளியாகிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. வண்டியின் சாளரத்திலிருந்து காட்டை நோக்குவோரும் ஒருவகைப் பார்வையாளரே. படம் தலைகீழாக்குவது அத்தகைய பார்வையைத்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. படத்தின் ஓநாயையும் காப்பகத்தின் மக்களையும் நேருக்கு நேர் இணைத்துப் பார்ப்பது ஜெரால்டு செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். தம் முன்னோரை ஓநாயாக வரையும் உரிமை ஐரியர்க்கு உண்டு. பிறர் முன்னோரை அவ்வாறு வரையும் உரிமை குடியேறியோர்க்கு இல்லை. படத்தை மனமுருகிப் பாராட்டும் அயலவருள் பலர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ‘இயற்கையோடு ஒன்றியோர்’ என்னும் புகழ்மொழியில் மனிதரையும் மரத்தையும் விலங்கையும் ஒன்றாகக் கட்டிவிடுகின்றனர். இப்புகழ்மொழி இழிமொழிக்கு வெகு தொலைவில் இல்லை.

அம்மண்ணுக்கு அதன் சொந்த ஆக்கக் கதைகளும் உண்டு. பெரிய அந்தமானியரின் கதைகளில் முன்னோர் பறவைகளாகவும் மீன்களாகவும் மாறியதை, 1906 முதல் 1908 வரை களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922 இல் வெளியிட்ட நூலில் காணலாம். மொழியியலாளர் அன்விதா அப்பி திரட்டி 2021 இல் நூலாக்கிய கதைகளுள் ஜீரோ மிதேயின் கதை இங்கு எண்ணத்தக்கது. மீனால் விழுங்கப்பட்டோர் பறவைகளாயினர், ஆகவே பறவைகள் முன்னோர், அவற்றை உண்ணலாகாது. அம்மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியின் கடைசிப் பேச்சாளர் 2010 சனவரியில் மறைந்தார். திருமூலர் கதையின் துணையால் ஆசரியின் ஓநாயைப் புரிந்துகொள்ளும் ரங்கத்துத் தமிழர்க்கு, தம் கூரைமேல் வந்தமரும் பறவையைப் பற்றிய இக்கதை அயர்லாந்தைவிடத் தொலைவில் இருக்கிறது. கடலடி வடத்தின் வழி அது வராது. தமிழில் எவரேனும் எழுதினால்தான் வரும்.

படத்தின் முடிவில் ராபினும் மேவும் பெற்றோருடன் வண்டியேறி வேறு நிலம் தேடிப் போகின்றனர். முடிவு இனிதாக இருப்பதாக எண்ணிச் சிறார் மகிழ்வர். அயர்லாந்தில் 1653 இல் பெண் ஓநாயின் தலைக்கு ஆறு பவுன், ஆணுக்கு ஐந்து பவுன் என அரசு பரிசு அறிவித்தது. 1786 இல் கடைசி ஓநாய் கொல்லப்பட்டதாகக் கூறுவர். கில்கென்னிப் பார்வையாளர் அவ்வண்டி எங்கும் போய்ச் சேரவில்லை என்பதை அறிந்தே பார்க்கிறார். ரங்கத்திலோ காடு இன்னும் சாலையோரத்தில் நிற்கிறது.