கிரனடாவுக்குத் தெற்கே: பிறநாட்டான் கண்ட கிராமமும் காணாத மனிதர்களும்

ஆங்கிலப் புத்தகச் சந்தையில் ஒரு வகை எழுத்துக்கு எப்போதும் மவுசு உண்டு. நகர வாழ்வில் சலித்துப்போன ஓர் ஆங்கிலேயர் தென் ஐரோப்பாவின் ஏதோவொரு குக்கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்குவார். கூரை ஒழுகும். மேசன் சொன்ன நாளில் வரமாட்டான். முதலில் விசித்திரமாகத் தெரிந்த அயலவர் போகப்போக நண்பராவார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் மரத்தடியில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பிரான்ஸின் புறொவான்ஸ் பற்றி பீற்றர் மெயில் 1989இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் மிகப் பெரும் விற்பனையைக் கண்டது. ‘ஜெனஸிஸ்’ இசைக்குழுவில் ஆரம்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தவரும் பின்னர் செம்மறியாட்டு உரோமம் கத்தரிப்பதைத் தொழிலாகக் கொண்டவருமான கிறிஸ் ஸ்டுவர்ட், தென் ஸ்பெயினின் ஓர்ஹிவா ஊருக்கு அருகில் தோட்டம் வாங்கிக் குடியேறிய கதையை 1999இல் எழுதினார். அதுவும் அமோகமாக விற்பனையானது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி எனக் கொள்ளத்தக்கது ஜெரால்ட் பிரேனன் 1957இல் வெளியிட்ட ‘கிரனடாவுக்குத் தெற்கே’ என்ற நூல். ஸ்டுவர்ட்டின் தோட்டம் இருக்கும் அதே மலைப்பகுதிதான் அதன் களமும். அந்த மலையின் பெயர் அல்புஹாரா. அந்தலூஸின் கடைசி முஸ்லிம்கள் வாழ்ந்து, கிளர்ந்து, தோற்று, வெளியேற்றப்பட்ட மலை அது. நமது வாசகர்களுக்கு இந்நூலை அறிமுகப்படுத்தவும் அதனோடு சற்று வழக்காடவும் எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். பிரேனன் 1894இல் மோல்ட்டாவில் பிறந்தவர். தந்தை இராணுவ அதிகாரி. முதலாம் உலகப்போரில் சேவையாற்றிய பிரேனன் பல்கலைக்கழகம் சென்றதில்லை. கையிலிருந்த சொற்பப் பணத்தில் செலவு குறைந்த ஓரிடத்தில் ஒதுங்கியிருந்து படித்துத் தன்னைத்தானே கற்பித்துக்கொள்ள வேண்டுமென்பதே அவரது ஆசை. 1919இல் ஸ்பெயின் வந்து, 1920இன் ஆரம்பத்தில் யேஹென் என்ற கிராமத்தில் வாடகை வீடெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூருக்கு அன்று கழுதைப் பாதைதான் இருந்தது. அப்பாதையால் அவர் கொண்டுவந்து சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 2000. இடையிடையே போய் வந்து, 1934 வரை அவருக்கு அவ்வூரோடு தொடர்பிருந்தது.

நூலின் பலம் பிரேனனின் பொறுமை. இளைஞன் ஒருவன் தான் மணக்கவிருக்கும் பெண்ணோடு கம்பியடித்த ஜன்னலின் இருபுறமும் நின்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பேசும் வழக்கத்தை அவர் விவரிக்கிறார். சூடடிப்பு, பெருநாட்கள், சூனியம் பற்றிய அச்சம், கிழங்கும் கருவாடும் மலிந்த ஏழைச் சாப்பாடு, ஊருக்கும் ஊருக்குமிடையிலான பகை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துக் கூறுகிறார். ஸ்டுவர்ட்டும் மெயிலும் அயலவரைச் சிரிப்பதற்காகவே பெரும்பாலும் அழைத்து வருகிறார்கள். பிரேனன் அறிவதற்காக அழைத்து வருகிறார்.

அந்த அறிவு வீண்போகவுமில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் வேர்களை ஆராய்ந்து அவர் 1943இல் எழுதிய ‘ஸ்பானியப் புதிர்ப்பாதை’ இன்றும் மதிக்கப்படும் வரலாற்று நூல். பிராங்கோவின் ஆட்சியில் அது தடைசெய்யப்பட்டிருந்தது. ஸ்பானிய மொழிபெயர்ப்பு 1962இல் பாரிஸிலிருந்துதான் வெளிவந்தது. ஸ்பானியனுக்குத் தன் ஊரே முதல் நாடு, மற்றதெல்லாம் அதன் பின்தான் என்ற கருத்து அந்நூலின் ஆதாரங்களுள் ஒன்று. யேஹெனின் கிணற்றடியிலும் கடைவாசலிலும் காது கொடுத்திராத ஒருவர் அதை எழுதியிருக்க முடியாது.

யேஹெனுக்கு வந்த விருந்தாளிகளுள் ஒருவர் நமக்கு வேண்டியவர். 1923இல் வேர்ஜீனியா வுல்ஃப் தன் கணவரோடு அங்கு வந்து தங்கினார். கணவர் லெனார்ட் வுல்ஃப், 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் ஹம்பாந்தோட்டையிலும் அரச அதிகாரியாக இருந்தவர். ஹம்பாந்தோட்டை அனுபவத்திலிருந்து 1913இல் அவர் எழுதிய நாவல், காட்டுக்குள் அழியும் ஒரு சிங்களக் கிராமத்தைப் பற்றியது. 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார். இருவரையும் ஒப்பிடும்போது ஒரு முரண் தெரிகிறது. அதிகாரியாக வந்தவர் தன்னைக் கதையிலிருந்து முற்றாக விலக்கிக்கொண்டு, கிராமத்தவனின் அழிவை அவன் பக்கத்தில் நின்று எழுதினார். எவ்வித அதிகாரமுமின்றிக் குடியிருக்க வந்த பிரேனனின் கிராமமோ அவரது ஜன்னலிலிருந்து பார்க்கும் காட்சியாகவே கடைசிவரை இருக்கிறது. வறுமையையும் அதன் அழகைக் கெடுக்காத அளவுக்கே அவர் எழுதுகிறார். வேலைக்காரரை வைத்திருந்தவர், வேண்டிய நேரத்தில் லண்டன் போய் வரக்கூடியவர் அவர். பஞ்சம் வந்தால் கழுதையில் ஏறிப் போய்விடலாம் என்ற வசதி ஒருவனுடைய பார்வையை மாற்றாமலிருக்காது.

இனி என் பிரதான வழக்குக்கு வருகிறேன்.

அவ்வூரின் தட்டைக் கூரை வீடுகள் மொறோக்கோவின் அட்லஸ் மலையிலுள்ள பர்பர் மக்களின் வீடுகளை ஒத்தவை என்பதை பிரேனன் அறிந்திருந்தார், எழுதியுமிருக்கிறார். மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வயல்களுக்குப் பனியுருகிய நீரைக் கொண்டு செல்லும் வாய்க்கால்களை அவர் இரசித்து எழுதுகிறார். அந்த வாய்க்காலை அவ்வூர் விவசாயி ‘அசேக்கியா’ என்கிறான். அது அரபியின் ‘அஸ்ஸாக்கியா’. நீர் தேக்கும் தொட்டி ‘அல்பெர்க்கா’. நமது பள்ளிவாசல் ஹவ்ளைப் போன்ற ‘அல்பிர்க்கா’தான் அது. எண்ணெய் ‘அசெய்த்தே’, அது ‘அஸ்ஸைத்’. ஊர்த்தலைவன் ‘அல்கால்தே’, அவன் வேறு யாருமல்லன், நமது காதியார்தான். அப்படியாயின் இச்சொற்களைப் பேசிய வாய்கள் எங்கே போயின?

1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனடா கையளிக்கப்பட்டது. மார்க்கத்தையும் மொழியையும் பேண விடுவதாக உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்து ஆண்டுகள் முடிவதற்குள் அது கிழிக்கப்பட்டு, கட்டாய ஞானஸ்நானம் தொடங்கிற்று. 1567இல் அரபு மொழியும் உடையும் குளியல் வழக்கமும் தடைசெய்யப்பட்டன. அடுத்த ஆண்டு நத்தார் காலத்தில் அல்புஹாரா கிளர்ந்தது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அபென் ஹுமெய்யா, யேஹெனுக்குப் பக்கத்து ஊரான வாலோரின் பெயரைத் தாங்கிய குடும்பத்தவர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1570 தொடக்கம் கிரனடாவின் மொறிஸ்கோக்கள் காஸ்டீல் பகுதிகளுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்களது வீடுகளிலும் வயல்களிலும் வடக்கிலிருந்து வந்தவர்கள் குடியேற்றப்பட்டார்கள். பின்னர் 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள்.

பிரேனன் இவ்வரலாற்றை அறியாதவரல்லர். ஆனால் என் வாசிப்பில் அவரது நூலில் முஸ்லிம்கள் கூரையாகவும் வாய்க்காலாகவும் சொல்லாகவும் வருகிறார்கள். மனிதர்களாக வருவது மிகக் குறைவு. யேஹென் மக்களைக் காலமற்ற, ஆதிகாலம் தொட்ட ஒரு சமூகமாக அவர் காட்டும்போது, அவர்களும் ஒருகாலத்தில் இன்னொருவர் வீட்டில் குடியேறியவர்களின் வாரிசுகளே என்ற உண்மை மங்கிப்போகிறது. வாலோரில் இன்றும் செப்டெம்பர் மாதத்தில் ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்ற விழாவில் அப்போர் நடித்துக் காட்டப்படுகிறது. மூர் வேடத்தைப் போடுபவரும் அவ்வூர்க் கிறிஸ்தவரே.

‘மூர்’ என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல. சோனகராகிய நம்மை அப்பெயரால் அழைத்தவர்கள் போர்த்துக்கேயர். தம் நாட்டில் துரத்திய மக்களின் பெயரையே இந்து சமுத்திரத்தில் கண்ட முஸ்லிம்களுக்கும் சூட்டினார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டியரசன் செனரத் அவர்களுள் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன என்பதை நினைவிற்கொள்வோர் குறைவு. 1609இல் மொறிஸ்கோக்களைக் கப்பலேற்றிய அரசனின் மகன்தான் 1626இல் இரு நாடுகளுக்கும் மன்னன். அரகோன் பகுதி மொறிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி மறைத்து வைத்திருந்தார்கள். 1884இல் ஒரு பழைய வீட்டின் பொய்த்தளத்துக்கு அடியிலிருந்து அத்தகைய ஏடுகள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பரண்களில் கறையானுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு அச்செய்தியில் ஒரு பாடம் இருக்கிறது.

பிரேனன் எழுதாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அக்கிராமத்துப் பெண்ணொருத்தி மூலம் அவருக்கு 1931இல் ஒரு மகள் பிறந்தாள். அவளைத் தாயிடமிருந்து பிரித்து, பெயரை மாற்றி, அவரும் அவருடைய அமெரிக்க மனைவியும் ஆங்கிலப் பிள்ளையாக வளர்த்தனர். அவ்வூர்ப் பெண்களின் காதல் வழக்கங்களை அத்தனை நுணுக்கமாக எழுதிய நூலில் இது இல்லை. 2003இல் வெளிவந்த ஸ்பானியத் திரைப்படம் ஒன்றுதான் இதைப் பரவலாக அறியச் செய்தது. தனிமனித ஒழுக்கத்தை விசாரிப்பது விமர்சகனின் வேலையல்ல. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பதாகப் பாவனை செய்த எழுத்தாளர் உண்மையில் உள்ளே நின்றிருக்கிறார் என்றால், அது நூலின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வி. அந்தத் தாயின் கண்ணில் இந்தப் பிறநாட்டான் எப்படித் தெரிந்திருப்பான்? அந்த அத்தியாயம் எழுதப்படவேயில்லை.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் நண்பரொருவருக்கு இந்நூலின் வாய்க்கால் பகுதியை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நூலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “எங்கட வளவுக் கிணத்தில இப்ப ஆர் தண்ணி அள்ளினம்?” என்று மட்டும் கேட்டார். பிரேனன் கேட்க மறந்த கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது.

அல்புஹாராவுக்குத் தெற்கே அல்மேரியாக் கரையோரத்தில் இன்று பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் மரக்கறி விளைகிறது. அங்கே உழைப்பவர்களுள் மொறோக்கோவிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஏராளம். 2000 பெப்ரவரியில் எல் எஹிதோ என்ற ஊரில் அவர்கள் வீடுகளும் கடைகளும் நாட்கணக்கில் தாக்கப்பட்டன. மலையில் தோட்டம் வாங்கிய ஆங்கிலேயரும் பிறநாட்டார்தான். கீழே தக்காளி பறிக்கும் மொறோக்கோக்காரரும் பிறநாட்டார்தான். முன்னவர் அயலவரைப் பற்றி நூல் எழுதுகிறார். பின்னவரைப் பற்றிப் பொலிஸ் அறிக்கை எழுதப்படுகிறது. 2015இல் ஸ்பெயின், துரத்தப்பட்ட யூதர்களின் சந்ததியினருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டமியற்றியது. வரவேற்கத்தக்க செயல். மொறிஸ்கோ சந்ததியினர் அச்சட்டத்தில் இல்லை.

பிரேனனை 1984இல், தொண்ணூறு வயதில், லண்டனுக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பெயினில் எதிர்ப்புக் கிளம்பிற்று. அந்நாட்டு அதிகாரிகளே தலையிட்டு அவரைத் திருப்பி அழைத்து வந்தார்கள். 1987இல் ஸ்பானிய மண்ணிலேயே காலமானார். ஒரு நாடு தன்னை நேசித்து எழுதிய அந்நியனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. அதைக் குறை கூற நான் யார்? அந்த மண்ணிலேயே பிறந்து, அதன் வாய்க்கால்களை வெட்டியவர்களை யாரும் திருப்பி அழைக்கவில்லை என்பதை மட்டும் பக்கத்தில் குறித்து வைக்கிறேன்.

நூலை வாசியுங்கள். ஒரு கிராமத்தை எப்படி உற்று நோக்குவது என்பதை நமது எழுத்தாளர்கள், குறிப்பாக வளைகுடாவில் பத்தும் இருபதும் ஆண்டுகள் கழித்துத் திரும்பியும் ஒரு பக்கம்கூட எழுதாத நம்மவர்கள், பிரேனனிடம் கற்கலாம். பிறர் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்ற நினைவு எழுத்தாளனுக்கு ஏன் ஒருபோதும் தவறக்கூடாது என்பதையும் அவரிடமே கற்கலாம்.