குறைந்த கட்டணமும் கைமாறும் இருக்கைகளும்

லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலை வடிவமைத்தவர்கள் ஃபிரான்சிஸ் ஃபௌக், ஹென்றி ஸ்காட் என்ற இரு ராணுவப் பொறியாளர்கள். பழைய ரோமானிய வட்டரங்குகளை மனத்தில் கொண்டு அமைத்த நீள்வட்டக் கட்டடம். செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடும், மேலே இரும்பும் கண்ணாடியுமாய் விரியும் குவிமாடமும் இன்றும் கண்ணை நிறைக்கின்றன. காதுக்குத்தான் சோதனை. 1871-இல் திறப்பு விழாவிலேயே பேச்சு எதிரொலித்தது.

குவிமாடத்தின் உயரம் ஏறத்தாழ 41 மீட்டர். மேடையில் பிறந்த ஒலி அங்கே போய்த் திரும்பக் கால் விநாடி ஆகும். அதற்குள் அடுத்த சுரம் தொடங்கியிருக்கும். உட்குழிந்த கூரை ஒலியைச் சிதறவிடாமல் திரட்டி அனுப்பியது. துணி கட்டினார்கள், அலுமினியத் தகடு பொருத்தினார்கள். 1969-இல் கண்ணாடியிழை வட்டுகளைத் தொங்கவிட்ட பிறகே எதிரொலி பெருமளவு அடங்கியது. அளவு மட்டும் மாறவில்லை. 5,000 பேருக்கு மேல் கொள்ளும் இந்த இடத்தை, பெரும் பாடகர் கூட்டமும் இசைக்குழுவும் சேரும் வெர்டியின் ரெக்வியம் நிறைத்துவிடும். நான்கு வாத்தியங்களின் மெல்லிய உரையாடல் மேல் அடுக்கை எட்டுமுன் மெலிந்துவிடும்.

ஆனால் அந்த அளவுதான் இதன் பெரிய கொடையையும் சாத்தியமாக்கியது. 1941-இல் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் என்ற இசையரங்கு அழிந்ததும், 1895 முதல் அங்கே நடந்துவந்த புராம்ஸ் கோடைக் கச்சேரிகள் இங்கே குடிவந்தன. அவற்றில் மேடைக்கு நேர் எதிரே, கலைஞரின் விரல் அசைவு தெரியும் தொலைவில் நிற்பவர்கள் மிகக் குறைந்த கட்டணம் கொடுத்தவர்கள். 2015 புராம்ஸில் செல்லோ கலைஞர் யோ-யோ மா தனியொருவராக பாக்கின் ஆறு செல்லோ தொகுப்புகளையும் ஒரே மாலையில் வாசித்தார். ஒற்றை வாத்தியத்துக்குப் பொருந்தாத அரங்கு என்ற கணக்கை அன்று பொய்யாக்கியதில், மணிக்கணக்காக நின்று கேட்டவர்களின் அமைதிக்கும் பங்குண்டு என்றே சொல்வேன்.

இதே மண்டபத்தில் 1,200-க்கு மேற்பட்ட இருக்கைகள் தனியார் சொத்து. கட்டுமானச் செலவுக்காக, இருக்கை ஒன்றுக்கு 100 பவுண்டு வாங்கிக்கொண்டு 999 ஆண்டு உரிமை கொடுத்தார்கள். அந்தப் பணம் இல்லாமல் கட்டடமே எழுந்திருக்காது. அந்த நன்றிக்கடன் உண்மையானது. ஆனால் இன்று மண்டபம் ஓர் அறநிறுவனம். அதன் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் இருக்கை உரிமையாளர்கள். அவர்களில் சிலர் தங்கள் இருக்கைகளுக்கான சீட்டுகளைப் பலமடங்கு விலைக்கு வெளிச்சந்தையில் விற்பதும் பலமுறை சர்ச்சையாகியிருக்கிறது. கேட்க வராத உரிமையாளரின் சீட்டு, அச்சிட்ட விலைக்கே மண்டபத்துக்குத் திரும்ப வேண்டும். திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது; அதை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்குவதுதான் பாக்கி.