தூண் வந்தது, முற்றம் வரவில்லை

முட்டுக்காடு உப்பங்கழியைப் பார்த்தபடி புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். செட்டிநாட்டு மரபுக்குச் செய்த மரியாதை என்றார்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். அதனாலேயே இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

முகப்பில் எட்டு பர்மா தேக்குத் தூண்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடையில் வாங்கியவையாம். ஒவ்வொன்றையும் சுற்றிவந்து தடவிப் பார்த்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பாரத்தையெல்லாம் கான்கிரீட் உத்திரங்கள் தாங்குகின்றன, தூண்கள் சும்மா நிற்கின்றன.

முற்றமும் உண்டு, மேலே கண்ணாடி போட்டு மூடியாச்சு. செட்டிநாடு வறண்ட சீமை. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் மழைத் தண்ணீரை முற்றத்தில்தான் இறக்கும். வீட்டுச் சூடு மேலேறிப் போகவும் அதுதான் வழி. அதைக் கண்ணாடியால் மூடினால் வெயிலைப் பிடித்துவைக்கும் பெட்டிதானே? ரெண்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தட்சிணசித்ரா இருக்கு. செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துவந்து கட்டிய வீட்டை அங்கே பார்க்கலாம். 1996லேயே திறந்த இடம். ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது சுவரைப் பார்த்துத்தான். சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு மாதிரி தெரிய பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் அசல் சுண்ணாம்பல்லவா வேண்டும்? அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். உப்பு பூத்தால் பூச்சு உதிரும், செங்கல் தப்பிக்கும். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தரை மட்டும் அருமை. ஆத்தங்குடியில் சொல்லிச் செய்த கல். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. சூளையே கிடையாது. ரெண்டு கல்லில் சிவப்பு கொஞ்சம் கலங்கியிருந்தது, அதுவும் பிடித்தது. இந்தத் தரைக்காக யாரோ நாலு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. தூண்களுக்காக ஒரு வீடு போயிருக்கிறது.

எங்கள் பெரியப்பா வீட்டை விற்றபோது கையெழுத்துப் போட்ட பதினோரு பங்காளிகளில் நானும் ஒருவன். தூண்களை லாரியில் ஏற்றிய அன்று ஊருக்கே போகவில்லை. இரண்டாங்கட்டில் ஒரு தூணில் மட்டும் தயிர் கடையும் கயிறு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும்.

அந்த எட்டில் அது இல்லை.